நோயை வாங்கிக்கொண்ட சீமை எலி

சீமை எலி தீனியை விட்ட அன்று அத்தை, என் மாமியார், பாயசம் வைத்தாள். முந்திரி வறுத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். நான் தொடவில்லை. அந்த எலி ஏன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். என் புருஷனுக்கும் தெரியும். அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

நாங்கள் உடன்குடிப் பக்கத்து ஆட்கள். தி.நகரில் ஜவுளிக்கடை, பின்தெருவில் வீடு. என் புருஷன் வெள்ளைத்துரைக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி, தங்கம். அந்த எழுபத்து மூன்றாம் வருஷம் அவளுக்குப் பத்தொன்பது வயது. விருதுநகரில் பாத்திரக்கடை வைத்திருந்த பையனைப் பேசி முடித்து, தை மாதம் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் அவளுக்கு இருமல் பிடித்தது. சாயங்காலமானால் காய்ச்சல். இளைத்த உடம்புக்கு அவள் ரவிக்கையை நான் இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன்.

டாக்டர் சளியைச் சோதித்தார். காசநோய்க் கிருமி தென்படவில்லை என்றாலும் அவர் முகம் தெளியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் பிடியுங்கள் என்றார். அந்த வரிசையில் ஊர்க்காரர் ஒருத்தர் கண்ணில் பட்டால் போதும், கல்யாணம் நின்றுவிடும் என்று என் புருஷன் நடுங்கினார். அப்போதுதான் டாக்டர் சீமை எலியை, கினிபிக் என்கிறார்களே அதைப் பற்றிச் சொன்னார். சளியை அதன் தொடையில் ஊசியாக ஏற்றிவிட்டு ஒன்றரை மாதம் பார்ப்பார்களாம். எலி காட்டிக் கொடுத்துவிடுமாம்.

அதையும் பேர் எழுதாமல் செய்யவேண்டும் இவருக்கு. அடையாறு பக்கம் ஒரு தனியார் சோதனைச்சாலையில் மிருகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கருணாகரன் எங்கள் கடைக்கு வாடிக்கை. அவனைப் பிடித்தார். ஒரு நாள் அவன் ஆப்பிள் பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே வெள்ளையும் பழுப்புமாக, வாலே இல்லாமல், ஒரு பிராணி மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது.

"நம்பர் போடாத எலிய அங்க வச்சிக்க முடியாது சார். மேல இருக்கறவரு பாத்தார்னா என் வேல பூடும். நீங்களே வூட்ல வச்சிப் பாத்துக்கங்க. நல்லா தின்னுக்கினு ஓடிக்கினு இருந்திச்சின்னா பாப்பாக்கு ஒண்ணுமில்ல. தொடைல கட்டி வந்து, எளச்சிச் செத்துச்சின்னா, சீக்கு கீதுன்னு அர்த்தம்" என்றான்.

அத்தை குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். "அப்ப எம்புள்ள சீக்கு இதுக்குள்ள எறங்கியாச்சா?"

"ஊசி போட்டாச்சேம்மா. உள்ள பூட்ச்சி."

அத்தைக்கு அது போதும். எங்கள் பக்கம் பிள்ளைக்குச் சீக்கு முற்றினால் கோழியைத் தலையைச் சுற்றி முச்சந்தியில் விடுவார்கள். கோழி சுருண்டு விழுந்தால் சீக்கு அதனோடு போயிற்று, பிள்ளை எழுந்துவிடும் என்பது நம்பிக்கை. அத்தை எலியைப் பெட்டியோடு தூக்கி, தங்கத்தை உட்காரவைத்து, மூன்று சுற்றுச் சுற்றி இறக்கினாள். கருணாகரன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

முதலில் அது நன்றாகத்தான் இருந்தது. கீரைக்காரி குரல் கேட்டாலே 'வீக் வீக்' என்று வீட்டையே கூட்டும். கொத்தமல்லிக் காம்பு என்றால் உயிர். நானும் வாயைத் திறந்து சொல்லாமல் வேண்டிக்கொண்டேன், தின்னு ராஜா, தின்னு என்று. ஐப்பசி அடைமழை பிடித்த வாரம் அதன் தொடையிடுக்கில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. பிறகு முதுகெலும்பு தெரிந்தது. பிறகுதான் அந்தப் பாயசம்.

அன்று ராத்திரியே என் புருஷனிடம் சொன்னேன். "இங்கேருங்க, எலிக்கு வந்தது எலியோட சீக்கு இல்ல. உங்க தங்கச்சியோடது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"தை முடியட்டும் வல்லி" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷரை என்ன சொல்வது? அவர் மேல் எனக்கு அன்று வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

எலிக்கு நடந்த பணிவிடை இருக்கிறதே, எங்கள் வீட்டில் எந்த மனுஷருக்கும் அப்படி நடந்ததில்லை. நம் பிள்ளை பாரத்தைச் சுமக்கிற ஜீவன், அது நோகாமல் போகவேண்டும் என்று அத்தை பழைய வேட்டியைக் கிழித்து மெத்தை போட்டாள். செங்கல்லை அடுப்பில் காட்டிச் சாக்கில் சுற்றிப் பெட்டியின் ஓரம் வைத்தாள். தங்கம் கேரட்டை வேகவைத்து மசித்து விரல் நுனியில் வைத்து ஊட்டுவாள். பேனாவுக்கு மை ஊற்றுகிற பில்லரால் தண்ணீர் சொட்டுவிடுவாள். பின்பக்கம் அழுக்கானால் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து விடுவாள். கடைசியில் அது மடியிலேயேதான் கிடந்தது. அவள் இருமும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். நான் தங்கத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மைனி, இதுக்கு வலிக்குமா?"

"தெரியல தங்கம்."

"மூச்சு வாங்குறதப் பாருங்க. மேல் மூச்சா வாங்குது. எனக்கும் ராத்திரி இப்படித்தான் வருது." எலியின் காதுகளுக்கு நடுவே தடவிக்கொண்டே சொன்னாள். "இதப் பாத்துக்கிட்டே இருந்தா, எப்படி இருக்கும்னு எனக்கு முன்னாலயே தெரிஞ்சிரும்லா."

 இவள் பெட்டிக்குள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது.

"கிறுக்கி! அதுக்கு மருந்து கெடையாது. ஒனக்கு இருக்கு. ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு, இப்ப இது தீருத சீக்கு. எந்திரி, நான் கூட்டிட்டுப் போறேன்."

"இது பாட்டுக்கு எங்கயோ தின்னுக்கிட்டு கெடந்தது மைனி. என் சீக்க அதுக்குக் குத்திட்டாங்க. இத இப்படியே போட்டுட்டு வரமாட்டேன். இது போகட்டும். போனதும் வாரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால், விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தபோது, அது போய்விட்டது. சத்தமே போடவில்லை. ஒரு தரம் காலை உதைத்தது, அவ்வளவுதான். தங்கம் அதைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

அத்தை ஓடிவந்து பார்த்தாள். "போயிட்டா? முத்துமாலம்மா, காப்பாத்திட்ட தாயே!" என்று கும்பிட்டாள். கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டி, மஞ்சள் தெளித்துப் புதைத்தாள். தேங்காய் உடைத்தாள். பிறகு, சீக்கின் தீட்டு போகவேண்டும் என்று, அந்த மழைக் குளிரில், காய்ச்சலாய்க் கிடந்த பெண்ணைக் கிணற்றடியில் உட்காரவைத்துக் குடம் குடமாகத் தலைக்கு ஊற்றினாள். நான் குறுக்கே போய்க் குடத்தைப் பிடித்தேன். "ஏட்டி, எம்புள்ள பொழைச்சது ஒனக்குப் பொறுக்கலியா?" என்றாள் அத்தை. என் புருஷன் என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும் நான் புடவை மாற்றிக்கொண்டு தங்கத்தின் முன்னால் நின்றேன். "வா."

அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். "மைனி, ராத்திரி நான் இருமவே இல்ல பாத்தீங்களா?" கண் இரண்டும் காய்ச்சலில் பளபளத்தன. "அம்மா சொல்லுதது உண்மையா இருந்துட்டா?"

எலியைப் போலவே தானும் போவோம் என்று இருந்தவளை, எலி செத்ததும் பிழைக்கிற ஆசை பிடித்துக்கொண்டது. அந்த ஆசையை அடித்து நொறுக்க என்னால் முடியவில்லை. கத்தினேன், கெஞ்சினேன், ஊரெல்லாம் சொல்லுவேன் என்று மிரட்டினேன். "சொல்லாதீங்க மைனி" என்று காலில் விழுந்துவிட்டாள். நாலே நாளில் இருமல் திரும்பி வந்தது. அத்தை அதைப் பனிக்காலத்து இருமல் என்றாள்.

தை பிறந்தது. மண்டபத்தில் தாலி ஏறியதும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துவந்து பால் பழம் கொடுத்தார்கள். ஒரே வெள்ளி டம்ளர். மாப்பிள்ளை ஒரு வாய், பெண் ஒரு வாய் என்று மாறி மாறி மூன்று தரம் குடிக்கவேண்டும். மாப்பிள்ளை நல்ல பையன். கன்னத்தில் குழி விழச் சிரிப்பான். ஒரு வாய் குடித்துவிட்டுத் தங்கத்திடம் நீட்டினான்.

அவள் உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்தாள். அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. டம்ளருக்குள் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு அந்தப் பக்கம், கொல்லைக் கதவு வழியே தெரிந்த முருங்கை மரத்தைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். 

தங்கம் டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, பால் முழுவதையும் மடமடவென்று தானே குடித்து முடித்தாள். அடியில் இருந்த வாழைப்பழத் துண்டைக்கூட விடவில்லை. காலி டம்ளரை இரண்டு கையாலும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கூடமே சிரித்தது. "பொண்ணுக்கு இம்புட்டுப் பசியா!" என்றார் யாரோ. மாப்பிள்ளையும் வெட்கத்தோடு சிரித்தான்.

"அவ சின்னப்புள்ள, விவரம் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே அத்தை வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி டம்ளரை வாங்கினாள். மறுபடியும் பாலை நிரப்பினாள்.