என்ன பாடம் எடுக்கிறீங்க?

அப்பாவின் தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் துணியை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா அவன் காதருகே குனிந்தாள். அழுது கட்டிய குரல்தான். ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது.

"யார் கேட்டாலும் காலேஜுன்னே சொல்லுடா. இன்னைக்கு ஒரு நாளைக்கு."

முடிச்சு நழுவியது. மறுபடி போட்டான்.

"இப்பவாம்மா இந்தப் பேச்சு?"

"அவர் சொல்லி வச்சிருக்காருடா. வாக்கிங் வர்றவங்க எல்லாம் வருவாங்க. போன மனுஷனைப் பொய்யனாக்கணுமா?"

அவன் மழலையர் பள்ளி ஆசிரியன். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். பொறியியல் படித்து, கிடைத்த வேலையையும் உதறிவிட்டு இதற்கென்று தனியாகப் படிக்கப் போனபோது, "ஊரான் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடவா உன்னை ஆளாக்கினேன்?" என்று கேட்டவர் அப்பா. அதோடு அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார். வெளியில் மட்டும் மகனைக் கல்லூரிக்கு மாற்றல் செய்துவிட்டார்.

வாக்கிங் நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் அவன் கையைப் பற்றிக்கொண்டு, "பிசிக்ஸ்தானே தம்பி எடுக்கிறீங்க?" என்றார். அடுத்தவர், "எகனாமிக்ஸ்னுல்ல சொன்னாரு" என்றார். மூன்றாமவர், துறைத் தலைவர் ஆனதற்கு வாழ்த்தே சொல்லிவிட்டு, நிற்கிற இடம் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டினான். சொல்வதென்று ஆன பிறகு எல்லாரிடமும் ஒரே பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்? எழுப்பி உட்காரவைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது.

எழுப்பும் வேலையை அக்காவின் மகள் செய்துகொண்டிருந்தாள். நான்கு வயது. "எழுந்திரு தாத்தா! எல்லாரும் வந்துட்டாங்க!" என்று அப்பாவின் புறங்கையில் பட்பட்டென்று அடித்தாள்.

"அடிக்காதே, தாத்தா தூங்குறாரு" என்று அக்கா இழுத்தாள். குழந்தை உதறிக்கொண்டு ஓடிச் சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்தது. கெஞ்சல், அதட்டல், சாக்லேட் எதற்கும் மசியவில்லை.

"நீ போய்ப் பாரேன்டா. இதானே உன்..." என்று தொடங்கிய அக்கா, அம்மாவின் பார்வை பட்டதும் மீதியை விழுங்கினாள்.

அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்தான். கூடமே பார்த்தது. பார்க்கட்டும்.

"தாத்தா தூங்கல. செத்துப்போயிட்டாரு. அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு."

"டேய்!" என்றாள் அக்கா, மேலிருந்து.

"மூக்கு கூடவா?" என்று கேட்டது குழந்தை.

"மூக்கு, காது, எல்லாமே."

"அடிச்சா வலிக்காதா?"

"வலிக்காது."

அவள் யோசித்தாள். "அப்ப நான் எழுப்ப வேணாமா?"

"வேணாம். உன்னால முடியாது. என்னாலயும் முடியாது."

அவள் வெளியே வரவில்லை. அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவனும் அங்கேயே கிடந்தான். காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவனைக் காலேஜைப் பற்றிக் கேட்காத இடம் அதுதான்.

ஒருவழியாக அவளை அக்காவிடம் சேர்த்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனான். கூடவே வந்தார் கண்ணாடிக்கடைக்காரர். தினமும் அப்பாவோடு நடப்பவர்.

"தம்பி, கேக்கக் கூடாத நேரம்தான். பேத்திக்கு ஒரு சீட்டு வேணும்."

இழவு வீட்டிலுமா! அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன கோர்ஸ் சார்? மார்க் எவ்வளவு?"

"மார்க்கா? மூணு வயசுப்பா அவளுக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னும் பேச்சு வரல. டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. உங்கப்பாகிட்ட சொல்லிக் கண்ணு கலங்கிட்டேன். என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, 'என் பையன்கிட்ட கொண்டு விடு. வாயே திறக்காததுங்க எல்லாம் அவன்கிட்ட பேசியிருக்கு'ன்னாரு."

"யாரு... அப்பாவா?"

"ஆமா. மத்தவங்ககிட்ட சொல்லிடாதேன்னும் சொன்னாரு."

பிள்ளைகள் வாய் திறந்த அந்தக் கதைகளை அவன் அம்மாவிடம்தான் சொல்வான். அப்போதெல்லாம் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

குழாயை மூடினான். சொட்டியது. இன்னும் அழுத்தித் திருகினான். ஊருக்கெல்லாம் ஒரு பொய், ஒருத்தருக்கு மட்டும் உண்மை, பெற்ற பிள்ளைக்கு இரண்டுமில்லை. இனி யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

"அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றான். "முதல் ரெண்டு நாள் நீங்களும் கூட உக்காருங்க. பேசு பேசுன்னு மட்டும் படுத்தாதீங்க."

உள்ளே வந்தபோது வண்டி வந்திருந்தது. அம்மா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னடா கேட்டாரு? காலேஜுன்னுதானே சொன்னே?"

"அவருக்குத் தெரியும்மா."

"ஐயோ, யாருடா சொன்னது?"

அவன் அப்பாவின் அருகில் போனான். காலையில் அவசரத்தில் யாரோ சட்டைப் பட்டன்களை ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டிருந்தார்கள். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மண்டியிட்டு எல்லாவற்றையும் கழற்றினான்.

"நேரமாகுது தம்பி" என்றது வாசலில் ஒரு குரல்.

கீழ்ப் பட்டனிலிருந்து தொடங்கினான். ஒன்றைப் போட்டுத் துணியை நீவிவிட்டு, அடுத்ததற்குப் போனான். கழுத்துப் பட்டனும் போட்டாயிற்று. வெளியே வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். கழுத்துப் பட்டனை மட்டும் அவிழ்த்தான். மறுபடி போட்டான்.