ஆன்ட்ரூஸ் பூட்டிய சர்வர்

நாலு நாளாகச் சிந்தியாவின் இணையதளம் செத்துக் கிடந்தது. ஐந்தாம் நாள்தான் ஆன்ட்ரூஸ் போனை எடுத்தான். குழித்துறையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவனை நம்பித்தான் அவள் சர்வரை விட்டிருந்தாள்.

ஆளுக்கொரு செல்போன் வராத 2007. ஆழ்கடலுக்குப் போன மீன்பிடி போட்டுகள் எங்கே கரையேறின என்று துறைமுக ஏஜென்டுகள் அவளுடைய தளத்தில் பதிவார்கள். கடலோரத்துப் பெண்கள் அவளுடைய பிரவுசிங் சென்டருக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

"வேளாங்கண்ணி அக்காவுக்க மாப்பிள போன போட்டு எங்கயிண்ணு தெரியல்ல. அவிய சோறு தின்னு ரெண்டு நாளாச்சு. பாஸ்வேர்டத் தாருங்க அண்ணே, நானே பாக்கேன்."

"ஒனக்கு அதொண்ணும் விளங்காது கேட்டியா. திங்கக்கிழம நோக்குதேன்."

சிந்தியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியொரு நாள் வரும் என்றுதான் மூன்று மாதமாகக் கறுப்புத் திரையில் சர்வரை ஓட்டும் வித்தையைக் கட்டளை கட்டளையாகப் படித்திருந்தாள். கடவுச்சொல் மட்டும்தான் கையில் இல்லை. ஆன்ட்ரூசும் இதே ஊர்க்காரன்தானே என்று, கோயில் புனிதரின் பெயரையும் கொடிமரம் நட்ட ஆண்டையும் சேர்த்துத் தட்டினாள். சர்வர் திறந்துகொண்டது.

இத்தனை எளிதில் திறந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஊரில் பாதி போட்டுக்கும் ஆட்டோவுக்கும் அந்தப் பெயர்தான்; யார் வேண்டுமானாலும் ஊகித்திருக்கலாம். உள்ளே வந்து போனவர்களின் பட்டியலை எடுத்தாள். ஆன்ட்ரூஸ் எட்டிப் பார்த்தே பதினான்கு மாதம். முகம் தெரியாத எவனோ புகுந்து, குப்பை மெயில் அனுப்பியே ஹார்ட் டிஸ்க்கை நிரப்பியிருந்தான்; தளம் செத்தது அதனால்தான்.

"வெளங்காத பய" என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே துடைத்தாள். கடவுச்சொல்லை மாற்றினாள். மத்தியானம் தளம் எழுந்தது. ஒரு மணி நேரத்தில் மங்களூர் ஏஜென்ட் பதிந்தார்: வேளாங்கண்ணியின் கணவன் போன போட்டு கரையேறி நாலு நாளாகிவிட்டது, எல்லாரும் சுகம். சேதி கேட்டு ஓடி வந்த வேளாங்கண்ணி திரையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

திங்கட்கிழமை ஆன்ட்ரூஸ் கூப்பிட்டான்.

"உள்ள போவ முடியல்லியே, பாஸ்வேர்ட யாரு மாத்தினது?"

"எனக்க சர்வரு, நான் மாத்தினேன். இனி நீங்க வரண்டாம்."

"நாளைக்கு ஏதாவது ஆச்சிண்ணா?"

"ஆச்சிண்ணா எனக்க தலையில விடியட்டும். உயிரோட இருக்குத மாப்பிளைக்கு ஒரு பொம்பள நாலு நாளு ஒப்பாரி வச்சாளே, அது ஒங்க தலையில."