இரண்டாவது சாட்சி

பிறையைப் பார்த்துவிட்டதாக அப்துல் அஜீஸ் சொன்னதும் தெலுக் பிளாங்கா குன்றில் நின்றிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெருநாள் பிறைக்கு இரண்டு பேர் சாட்சி வேண்டும். பதினொரு வருஷமாக அதில் முதல் ஆள் நான். பிறை என்றால் துணிக்கடை நாகூர் கனி என்று ஊரில் பேர் எடுத்திருந்தேன்.

இந்த 1911இல்தான் அந்தப் பேருக்கு ஆபத்து வந்தது. துறைமுகக் கிடங்குக் குமாஸ்தா அஜீஸ், மாதாமாதம் இதே குன்றில் ஏறி, பிறை எங்கே, எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்திருந்தான். "சந்திரன் தினம் முக்கா மணி நேரத்துக்கு மேல பின்தங்குது. அதான் மொத நாள் பிறை சட்டுனு எறங்கிடுது, மறுநாள் நின்னு தெரியுது" என்று நோன்பு திறக்கும் நேரத்தில் விளக்குவான். பள்ளிவாசலில் என் பக்கம் உட்காருகிறவர்கள் எல்லாம் அவன் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். "அப்ப கனி நானா கண்ணு எதுக்கு?" என்று ஒருத்தர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. "கண்ணு பாக்காட்டி என் கணக்கு எதுக்கு?" என்றான். அவன் கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

சூரியன் மறையும் இடத்துக்கு இடப்பக்கம், சற்று மேலே என்று முதல் நாளே சொல்லியிருந்தான். நான் வீம்புக்கு வலப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கேட்கவில்லை. மேக இடுக்கில், அவன் சொன்ன அதே இடத்தில், வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி பிறை மல்லாந்து கிடந்தது. அஜீஸ் கையை நீட்டிச் சொல்லி முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

"நீங்க பாத்தீங்களா நானா?" என்றார் இமாம்.

"இல்ல ஹஜ்ரத்."

ஒரே சாட்சி போதாது என்று ஊர் முப்பதாவது நோன்புக்குப் போயிற்று. என் மனைவி ரஷீதா காய்ச்சலோடு விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து எனக்கும் சோறு போட்டாள். "இன்னும் ஒரு நாள்தானே, புடிச்சிடுவேன்" என்றாள். அன்றைக்குத்தான் பெருநாள், நோன்பிருப்பது ஹராம், விலக்கப்பட்டது என்று தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். போட்ட சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.

பிறையைக் கண்ணால் கண்டவன், ஊர் ஏற்காவிட்டாலும், மறைவாக நோன்பை விட்டுவிட வேண்டும். மதியம் கடையின் உள்ளறையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அஜீஸ்.

"நானா, எனக்கு இன்னிக்கு நோம்பு கூடாது. கிடங்குல எல்லாரும் நோம்பாளிங்க, அவங்க முன்னாடி குடிக்க மனசு வரல. உள்ளாற போயி ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கவா?" என்றான். "உங்ககிட்டதான் கேக்க முடியும்."

உள்ளறைத் திரைப்பக்கம் கையைக் காட்டினேன். அவன் உள்ளே போனான். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவேயில்லை.

திரையை விலக்கினேன். பாதி கடித்த ரொட்டிக்கு முன்னால் அவன் நின்றிருந்தான். கையில் நான் பாதி குடித்து வைத்திருந்த பித்தளைக் குவளை. அதன் வெளிப்புறத்து ஈரம் அவன் விரல்களில் வழிந்து மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது.