முதுகு காட்டிய பலகை

ஏரிக்கரையில் மேசை போட்டு, சைக்கிளில் வரப்போகிறவர்களுக்காக ஆரஞ்சுச் சுளைகளை உரித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள் அத்தை. அவளிடம் அவன் தன் பெருமையைப் பேசி முடித்தபாடில்லை. சைக்கிள் சங்கத்தின் மலைச்சுற்றுப் பயணத்துக்கு வழி குறிக்கும் பொறுப்பு இந்த வருடம் அவனுடையது. சங்கத்தில் அவனை எல்லோரும் 'வழிகாட்டி' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கல்லூரியில் அவனுக்குத் தன் வகுப்பறைக்கே வழி தெரியாது என்பது வேறு விஷயம்.

பயண வழியில் குழப்பம் ஒன்றும் கிடையாது. ஆற்றோரமாகப் பள்ளத்தாக்கைக் கடந்து, மலையின் செங்குத்தான பக்கம் ஏறி, உச்சியைத் தாண்டி, நீளமாகச் சரியும் மறுபக்கம் வழியே இந்த ஏரிக்கரைக்கு இறங்க வேண்டும். திருப்பங்களில் அம்புக்குறிப் பலகையும் ஆபத்தான இடத்தில் எச்சரிக்கைப் பலகையும் கட்டுவது வழிகாட்டியின் வேலை. போன வாரம் கட்டிவிட்டான்.

அதையும் கொஞ்சம் மூளையைச் செலவழித்துத்தான் கட்டினான். செங்குத்துப் பக்கம் அவன் தொடைகளுக்கு ஒத்துவராது. ஆகவே ஏரிக்கரையில் தொடங்கி, நீளச் சரிவில் வளைவுக்கு வளைவு நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே ஏறி, செங்குத்துப் பக்கத்தில் காற்று வாங்கியபடி இறங்கினான். மொத்த வழியையும் தலைகீழாகக் குறித்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கி, ஒரு அம்பும் பிசகவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொறாமைப்படுவார்கள்.

முக்கியமாக அக்காவிடம் சொல்லவில்லை. சங்கத்திலேயே மலையிறக்கத்தில் அவளை முந்த ஆள் கிடையாது. "உன் தம்பியா? அவனை நம்பியா?" என்று செயலாளர் இழுத்தபோது, "என் தம்பி செய்வான் சார்" என்று மேசையைத் தட்டியவளும் அவள்தான். காலையில் கிளம்பும்போதுகூட ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "போர்டெல்லாம் நீ வெச்சதுதானே? அப்ப போர்டு இல்லாத இடத்துல நான் பிரேக்கைத் தொடவே மாட்டேன்டா."

"தாராளமா போக்கா" என்றான் அவன், தாராளமாக.

இப்போது அத்தையிடம் போனை நீட்டினான். "இதைப் பாருங்க அத்தை. நான் கட்டுனதுலயே இதுதான் டாப்பு."

படத்தில் மஞ்சள் பலகை ஒன்று பளிச்சென்று நின்றது. 'மெதுவாக! முன்னால் கம்பி!' அதற்குப் பின்னால் சாலையின் குறுக்கே வடிகாலை மூடியிருந்த இரும்புக் கிராதி. கிராதிக்குப் பின்னால் பாறையைச் சுற்றி மறையும் வளைவு. அதற்கும் மேலே மலை.

"கம்பிதானே? அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய போர்டு?"

"இந்த வருஷம்தான் புதுசா போட்டிருக்கான் அத்தை, கம்பியெல்லாம் ரோட்டோட நீளவாக்குல. இவங்க டயர் என் கட்டைவிரல் மொத்தம்தான். நேரா இடுக்குல இறங்கிடும். நான் நடக்கிற வேகத்துல வந்தே குப்புற விழுந்தேன்."

"அடப்பாவி! வேகமா வந்தா?"

"சைக்கிள் அங்கயே நின்னுடும். ஆள் மட்டும் ஏரிக்கு வந்துடுவாங்க." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

அத்தை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படத்தை உற்றுப் பார்த்தாள். "எல்லாம் சரி. ஏரியைக் காணோமே? மேலேர்ந்து இறங்குனா ஏரி எவ்வளவு அழகாத் தெரியும்! அதை விட்டுட்டு வெறும் மலையைப் புடிச்சு வெச்சிருக்க."

"ஏரி எனக்குப் பின்னாடி இருந்துச்சு அத்தை."

"இறங்கி வர்றவங்களுக்கு முன்னாடிதானேடா இருக்கும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். போனைத் தன் பக்கம் திருப்பிப் படத்தைப் பார்த்தான்.

இறங்கி வருகிறவர்களுக்கு முதலில் வளைவு. வளைவு முடிந்த கையோடு கிராதி. அதையும் தாண்டினால்தான் பலகை, அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. அம்புக்கு இடம் வலம் பார்த்துப் பார்த்து மாற்றியவனுக்கு, எச்சரிக்கைக்கு முன் பின் உண்டு என்பது உறைக்கவே இல்லை.

அக்காவின் எண்ணை அழுத்தினான். மேசைக்கடியில் இருந்த அத்தையின் கைப்பை பாட்டுப் பாடியது.

"பாரமா இருக்குன்னு காலையில என்கிட்ட குடுத்துட்டுப் போனாடா. ஏன், என்ன ஆச்சு?"

அடுத்து மெக்கானிக். அவர் கூட்டத்துக்குப் பின்னால் வேனில் வருகிறவர்.

"அண்ணே, அக்கா எங்க?"

"அவங்களைப் புடிக்கணும்னா எனக்கு ராக்கெட்தான் வேணும் தம்பி. உச்சியில நின்னு தண்ணி குடிக்கிறாங்கன்னு இப்பதான் ஒருத்தர் சொன்னாரு."

"இறங்க வேணாம்னு சொல்லுங்கண்ணே! யார்கிட்டயாவது சொல்லி நிறுத்துங்க!"

"ஹலோ? ஹலோ? என்ன தம்பி, கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி..."

சிக்னல் போய்விட்டது. அவன் அத்தையோடு பஸ்ஸில் வந்துவிட்டதால், அவனுடைய சைக்கிளும் அந்த வேனுக்குள்தான் சொகுசாகப் பயணம் செய்துகொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். படகுக் கொட்டகைச் சுவரில் காவலாளியின் இரும்புச் சைக்கிள் சாய்ந்திருந்தது. எடுத்தான். "யோவ், யோவ்!" என்று காவலாளி கத்துவதும், "எங்க பையன்தாங்க, கொண்டாந்துடுவான்" என்று அத்தை ஜாமீன் கொடுப்பதும் முதுகுக்குப் பின்னால் தேய்ந்தன.

போன வாரம் இதே சரிவு எளிதாக இருந்தது. இன்று யாரோ வந்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனது போல நின்றது. இரும்புச் சைக்கிளுக்குக் கியர் கிடையாது, இரக்கமும் கிடையாது. ஒவ்வொரு மிதிக்கும் சங்கிலி முனகியது. முதல் வளைவில் சட்டை முதுகோடு ஒட்டியது. இரண்டாவதில் மூச்சு தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. அதற்குமேல் இறங்கித் தள்ளிக்கொண்டே ஓடினான். உச்சியில் அக்கா இன்னும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், யாராவது அவளிடம் கதை பேச வேண்டும், ஷூ கயிறாவது அவிழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அவளுடைய ஷூவுக்குக் கயிறே கிடையாது என்பது பாதி வேண்டுதலில் ஞாபகம் வந்தது.

பலகை தெரிந்தது. அதற்குச் சற்று மேலே கிராதி, அதற்கு மேலே வளைவு. சைக்கிளைப் பள்ளத்தில் போட்டுவிட்டு ஓடினான்.

வெறுங்கையோடு வளைவுக்கு மேலே போய் நின்று பயனில்லை. போன வருடம் இப்படித்தான் ஒரு வளைவில் நின்று கையை ஆட்டிக் கத்தி உற்சாகப்படுத்தினான். அக்கா பதிலுக்குக் கையசைத்துவிட்டு இன்னும் வேகமாகப் போனாள். பலகை வேண்டும்.

பலகையைக் கம்பத்தோடு கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தான். வாழ்க்கையில் அவன் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்த முடிச்சு. விரலால் திருகினான், அசையவில்லை. பல்லால் கடித்தான். நாக்கில் துருவும் ரத்தமும் கலந்து கசந்தன. ஒரு முறுக்கு விட்டது. இன்னொன்று. மூன்றாவது விடவில்லை. கம்பத்தில் காலை உதைத்து இழுத்ததில் பலகை பிய்ந்து கையோடு வந்தது. கிராதியை நோக்கி ஓடினான்.

அப்போது கேட்டது. மிதிக்காமல் இறங்கும் சைக்கிளின் பின்சக்கரம் போடும் 'கிர்ர்ர்' சத்தம். பாறைக்கு அந்தப் பக்கம், மிக அருகில். பிரேக் சத்தம் இல்லை. போர்டு இல்லாத இடம்.

வளைவுக்கு மேலே போக நேரமில்லை. பலகையைக் கிராதியின் நடுவில் மல்லாக்கப் போட்டான். நழுவாமலிருக்க ஓரத்தில் மண்டியிட்டு இரு கைகளாலும் அழுத்தினான்.

"பலகை மேல! அக்கா, பலகை மேல!"

பாறையைச் சுற்றிச் சிவப்புச் சட்டை ஒன்று சாய்ந்து வந்தது. அவள் கண்கள் அவனைப் பார்த்தன, கம்பிகளைப் பார்த்தன, பலகையைப் பார்த்தன. கைப்பிடி மயிரிழை திரும்பியது. டப்! பலகை அவன் கைக்கடியில் துள்ளியது. காற்று முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. எதுவும் விழுகிற சத்தம் கேட்கவில்லை. கீழே எங்கோ பிரேக் நீளமாக அலறி நின்றது.

பலகையைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு மேலே ஓடினான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, பலகையைப் பார்த்து வேகம் குறைத்து, இறங்கி, கிராதியின் மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"போர்டு போதாதுன்னு ஆளையே நிறுத்தியிருக்கீங்களே! பிரமாதம் தம்பி!" என்றார் செயலாளர்.

"அடுத்த வருஷமும் நம்ம வழிகாட்டிதான்" என்றார் இன்னொருவர்.

அவன் உதட்டில் ரத்தத்தோடு சிரித்து வைத்தான். கடைசி ஆளும் போன பிறகு வளைவைத் தாண்டிக் கீழே இறங்கி வந்தான். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்து, கிராதிக்கருகில் நின்றிருந்தாள். காலியான கம்பத்தைப் பார்த்தாள். அதில் தொங்கிய கம்பியைப் பார்த்தாள். அது எந்தப் பக்கமாகக் கட்டியிருந்தது என்பதையும் பார்த்தாள்.

"நீ இந்தப் பக்கமா ஏறினியா?"

"முட்டி வலி அக்கா."

"எந்த முட்டி?"

எந்த முட்டி என்று முடிவெடுக்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள் காத்திருக்கவில்லை. பலகையை வாங்கிப் பார்த்தாள். 'மெதுவாக' என்ற எழுத்துகளின் குறுக்கே டயரின் கறுப்புக் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது போல ஓடியிருந்தது.

"செயலாளர்கிட்ட சொல்லப் போறியாக்கா?"

"நான் ஏன் சொல்றேன்? நீ சொல்லுவே." பலகையை அவன் நெஞ்சில் சாத்தினாள். "முன்னாடி போ."

இரும்புச் சைக்கிளின் பின்னால் பலகையைக் கட்டிக்கொண்டு இறங்கினான். அங்கிருந்து ஏரி வரை சாலை கண்ணாடி மாதிரி. குழி கிடையாது, கிராதி கிடையாது. மொத்தப் பயணத்திலும் அக்காவுக்குப் பிடித்த இடமே இதுதான். ஒவ்வொரு வருடமும் இங்கே கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டுக் கத்திக்கொண்டு போவாள்.

"இனிமே ஒண்ணும் இல்லக்கா, தைரியமா வா!" என்று திரும்பாமலே சொன்னான்.

ஏரி அழகாகத்தான் தெரிந்தது. பின்னால் அவளுடைய பிரேக் மட்டும் விட்டு விட்டுக் கீச்சிட்டுக்கொண்டே வந்தது, கடைசிவரைக்கும்.