பத்தாவது வரி

"கல்லுல இருந்து என் பேர எடுத்துருங்க."

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று பஸ்ஸிலேயே மூன்று முறை சொல்லியிருந்தாள் அம்மா. பதினெட்டு வருடமாக அவள் செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனி இது. முதலாளி மகுடேஸ்வரன்தான் சிலைக் கமிட்டித் தலைவர். செத்துப்போன எம்.எல்.ஏ. ஆத்தப்பனுக்கு ரவுண்டானாவில் வெண்கலச் சிலை, ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பீடத்தில் பதிக்க வேண்டிய கல்வெட்டு ஆபீஸ் சுவரில் சாய்ந்து நின்றது. 'ஐயாவின் சாதனைகள்.' பத்தாவது வரி: 'பனியன் தொழிலாளி மகள் சித்ராதேவியைப் பட்டதாரியாக்கிய வள்ளல்.'

சித்ராதேவி நான்தான்.

"ஏனுங் கண்ணு, பெருமைதானே?" என்றார் மகுடேஸ்வரன்.

"அவரு என்னங்க செஞ்சாரு? சிபாரிசுக் கடிதாசிக்கு எங்கம்மா மூணு நாள் அவரு வாசல்ல நின்னுச்சு. 'பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் காலேஜு, உங்கூடவே செக்கிங்குக்குக் கூட்டிட்டுப் போ'ன்னாரு. என் மார்க்குலதான் சீட்டு வாங்கினேன்."

"பட்டம் வாங்குனப்ப மாலை போட்டாரல்ல? போட்டோ இருக்குது."

"அது ஜவுளிக்கடை திறக்க வந்தப்ப மிஞ்சுன மாலைங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "பாரு கண்ணு, கல்லு பத்து வரிக்கு அளவெடுத்து வந்துருச்சு. மண்டைய ஒடச்சும் ஒம்பதுதான் தேறுச்சு."

முப்பது வருடப் பதவிக்கு ஒன்பது. அதிலும் மூன்றாவது, 'எளிமையானவர்'. ஆறாவது, 'எவர் வீட்டு விசேஷத்தையும் தவறவிடாதவர்'.

"அந்த எடம் சும்மா கெடக்கட்டும்ங்க."

"கல்யாண ஊட்டுப் பந்தியில ஒரு எலை காலியாக் கெடந்தா நல்லாவா இருக்கும்? கமிட்டி முடிவு கண்ணு. மாத்த முடியாது."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "ஏட்டி, சும்மா கெட. செத்த மனுசன்."

"செத்தது அவரு. அந்தப் பொய்ய தெனமும் பாத்துக்கிட்டு வேலைக்குப் போறது நானு."

மகுடேஸ்வரன் டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார். "கோவம் வேண்டாம். திறப்பு விழாவுல நீயும் நன்றி சொல்லிப் பேசு. மந்திரியெல்லாம் வர்றாங்க."

நான் எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்றுகூட அதில் குறித்திருந்தார்கள்.

"மைக்க என் கையில தருவீங்களா?"

"தராம? ரெண்டு நிமிசம் உனக்குத்தான்."

தாளை மேஜையிலேயே வைத்தேன். அம்மாவின் முகம் வெளிறியது.

"எழுதிக் குடுத்ததத்தானட்டி பேசுவ?"

"ஞாயித்துக்கெழம நேரத்துலயே வந்தர்றேங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.