'தண்ணி வந்தாச்சு' குழுவின் மூன்றாவது வாத்தியம்

கைபேசியில் கேட்கும் சத்தம் மேடையில் கேட்கவில்லை. ஏன் என்று திருமுருகனுக்கு விளங்கவே இல்லை.

இசை விமர்சனத் தளங்களை மேய்ந்து யாருக்கும் தெரியாத குழுக்களைக் கண்டுபிடிப்பதுதான் அவனுக்கு உயிர், ஐ.டி. வேலையெல்லாம் அதற்கு அப்புறம். அப்படி அகப்பட்டதுதான் வெள்ளானூரின் 'தண்ணி வந்தாச்சு'. "பாட்டின் அடியில் பூமியே முனகுவது போல ஓர் உறுமல், அதன்மேல் தவறாமல் விழும் ஒரு 'டக்'. ஏதோ மலைநாட்டு வாத்தியம்!" என்று உருகியிருந்தார் விமர்சகர். கேட்டுப் பார்த்த திருமுருகனுக்கும் புல்லரித்தது. சேக்காட்டில் தன் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கு அவர்களையே அழைத்துவிட்டான்.

"மானம் போச்சுன்னா அடுத்த வருஷம் சங்கச் செயலாளர் நீங்கதான் சார்," என்று சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டியிருந்தார் இப்போதைய செயலாளர் ஜெயராமன். தண்ணீர் மோட்டார், லிஃப்ட், மாடி வீட்டு நாய் என்று எல்லாப் புகாரும் அந்தக் கொத்தோடு சேர்ந்தே வரும்.

விழா அன்று மாலை ஒத்திகையில் உறுமலையும் காணோம், டக்கையும் காணோம். பாட்டு, சிக்னலைத் தாண்டிவிடத் துடிக்கும் ஷேர் ஆட்டோ போலப் பறந்தது.

"தம்பி, அந்த உறுமல் எங்கப்பா?"

"இன்னா உறுமலுண்ணா? நான் கிதாரு, இவன் டிரம்மு. வேற ஆளே கிடையாது," என்றான் ஜெபா.

திருமுருகன் கைபேசியை நீட்டினான். டிரம் வாசிக்கும் சந்தோஷ் காதில் வைத்துக் கேட்டான். "மச்சான், நெசமாவே இன்னாவோ கீதுடா!"

"பேயா இருக்கப் போவுதுடா. எங்க பதிவு பண்ணோம்? உங்க ஊட்லதானே?"

மூவரும் வெள்ளானூருக்கு ஓடினார்கள். சந்தோஷின் அம்மா அஞ்சலை வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர்.

"அம்மா, இவங்க பாடுறப்ப இங்க ஏதாவது சத்தம் கேட்குமா?"

"இவுனுங்க கத்துறது காதுல உழக்கூடாதுன்னுதானே நைனா நான் கிரைண்டரையே போடுறேன்!"

பாதி அரைபட்டிருந்த மாவோடு போட்டுக் காட்டினார். அதே உறுமல். சுழலும் கல்லுரலின் உள்ளே ஓரிடத்தில் சின்னப் பள்ளம். ஒவ்வொரு சுற்றிலும் குழவி அதில் இறங்கி ஏறும்போது 'டக்'. சந்தோஷ் இத்தனை நாளும் தன்னையறியாமல் அந்த டக்கைப் பிடித்துக்கொண்டே வாசித்திருக்கிறான். அது இல்லாததால்தான் கை தறிகெட்டு ஓடியது.

மாவை வழித்துக் கழுவிய கிரைண்டர் மேடை ஏறியது. ஓட்டினால், கல்லோடு கல் உரசிக் கிறீச்சிட்டது. டக்கும் அவசர அவசரமாக விழுந்தது. முன்வரிசையில் ஜெயராமன் புன்னகையோடு சாவிக்கொத்தை எடுத்தார்.

"காலியா ஓட்டுனா கல்லு கத்தாம பாட்டா பாடும்? தள்ளு," என்று மேடையேறினார் அஞ்சலை. கையோடு தூக்கி வந்திருந்த ஊறின உளுந்தை உள்ளே கொட்டினார். பாரம் ஏறியதும் உரல் நிதானத்துக்கு வந்தது. கிறீச்சை மாவு விழுங்கிக்கொண்டது. உறுமலும் டக்கும் மட்டும் மிஞ்சின. சந்தோஷ் குச்சியை ஓங்கினான். பாட்டு அச்சு அசலாக எழுந்தது. ஜெயராமன் சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரியைப் பாத்திரம் எடுத்துவர அனுப்பினார்.

இன்றைக்கும் அந்தக் குழுவுக்கு வழி இதுதான்: கிரைண்டரில் ஊறின உளுந்தைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, பக்கத்தில் ஒரு மைக்கை வைத்து, உளுந்து பாதி அரைபட்டதும் பாட்டைத் தொடங்க வேண்டும்.