சரிவு இறங்கிய வீடு

வெள்ளியங்கரட்டு அடிவாரத்தில் நிலம் திருத்துகிறவர்கள், சரிவை எங்கே அனுப்புவது என்று முதலில் முடிவுசெய்துகொள்வார்கள். அங்கே சரிவைப் பிடித்து வைத்திருப்பது புதர்களின் வேர்தான். உண்ணிச்செடியையும் சூரைமுள்ளையும் வெட்டினால் அந்த இடம் மட்டமாகிவிடும். சரிவு கழன்று அடுத்த இடத்துக்குப் போகும். அதனால் எல்லோரும் அடியிலிருந்து வெட்டிக்கொண்டே மேலே ஏறுவார்கள். சரிவும் முன்னால் ஏறிப்போய்க் கரட்டின் உச்சியில் சேர்ந்துகொள்ளும். உச்சி ஏற்கெனவே செங்குத்து. கொஞ்சம் கூடினால் அதற்குத் தெரியாது.

தன் மாடுகளின் மேய்ச்சலுக்கு நிலம் திருத்தப் போன நாச்சிமுத்து மேலிருந்து தொடங்கிவிட்டார்.

மேலேதான் முள் அடர்த்தி, அதை முதலில் முடித்துவிடலாம் என்று நினைத்ததாகத் தம்பி ஆறுச்சாமியிடம் சொன்னார். அது உண்மையில்லை என்று அவருக்கே தெரியும். மேலே நின்றால் காட்டுக்குக் கீழே இருக்கும் வீடு தெரியும். பார்க்காத நேரத்தில் வீட்டுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரு பயம். பார்த்துக்கொண்டே வெட்டினார்.

கடைசிப் புதர் சாய்ந்த அன்று சரிவு முழுவதும் இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது.

"ஏனுங்க, இங்க வந்திருச்சுங்க" என்று அவர் மனைவி ரங்கநாயகி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

வெளியே நின்று பார்த்தால் வீடு நேராகத்தான் இருந்தது. உள்ளேதான் அடுப்படியிலிருந்து வாசல்வரை இறக்கம். சோறு போட்டு வைத்த தட்டு வாசலுக்குப் போனது. குடத்தில் பாதிக்குமேல் தண்ணீர் பிடிக்க முடியவில்லை. கட்டிலின் கீழ்க்கால்களுக்குச் செங்கல் கொடுத்தார்கள். பிடித்து நடக்க ஒரு கயிறு கட்டினார்கள்.

ஆறுச்சாமி வந்து எட்டிப் பார்த்தார். "ஏண்ணா, அடியில இருந்து வெட்டோணும்னு டவுசர் போட்ட பையனுக்குக்கூடத் தெரியுமே? நல்லவேளை, உங்க காட்டுக்குக் கீழ எங்க ஊடு இல்லீங்."

இன்னும் ஒரு வழி இருந்தது. வெட்டிய புதர்களின் தூர் மண்ணில் பச்சையாக இருந்தது. அது மழையில் துளிர்த்தால் சரிவு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். தூரைப் பிடுங்கிவிட்டால் சரிவு வீட்டிலேயே நிலைத்துவிடும்.

"துளுத்துட்டுப் போவட்டுமுங்க. மாட்டுக்குப் பார்த்து மனுசன் சாஞ்சே கிடக்கறதா?" என்றாள் ரங்கநாயகி.

நாச்சிமுத்துவால் சரி என்று சொல்ல முடியவில்லை. நான்கு பசுக்களில் மயிலைப் பசு சினையாக இருந்தது. போன வருடம் அது அந்தச் சரிவில்தான் கன்று போட்டது. கன்று எழுந்து நிற்பதற்குள் உருண்டு ஓடைக்குப் போய்விட்டது.

"அது உருண்டதை நீ பார்க்கலை. நான் பார்த்தேன்."

"நீங்க எதைத்தான் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே அடுப்படிக்குப் போனாள்.

மழைக்கு முன்னால் அவர் தூர்களைப் பிடுங்கினார். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது, இதை மட்டும் விட்டுவிடலாமோ என்று நின்றார். பிறகு பிடுங்கினார். சுற்றிலும் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் விதைத்து, மாடு அடைத்து மேய்க்கிற கொரங்காடு ஆக்கினார். மழை வந்தது, புல் வந்தது. பசுக்களை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினார். கொரங்காட்டுக்குள் விட்டதைப் புல் தீரும்வரை யாரும் வெளியே ஓட்டுவதில்லை. ஈன்ற பசுவுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஒரு மத்தியானம் மயிலைப் பசு மட்டமான இடமாகப் பார்த்துக் கன்று போட்டது. கன்று எழுந்தது, வலப்பக்கம் விழுந்தது. மறுபடி எழுந்தது, வலப்பக்கமே விழுந்தது. நாச்சிமுத்து தூக்கிப் பார்த்தார். வலப்பக்கக் கால்கள் இரண்டும் ஒரு சாண் குட்டை. பசுவும் போன வருடத்தை மறக்கவில்லை. வயிற்றுக்குள் தன்னால் முடிந்த ஏற்பாட்டைச் செய்திருந்தது.

பசு அவரையே பார்த்தது. அவர் புல்லைப் பார்த்தார். நிற்காத கன்று பால் குடிக்காது. பொழுது சாய்வதற்குள் குடிக்காவிட்டால் இதுவும் போய்விடும்.

"சரிவு இருக்கற எடத்துக்குக் கொண்டு போங்க" என்றாள் ரங்கநாயகி.

உச்சிக்குக் கொண்டுபோனால் உருண்டுவிடும். அவர் கன்றைத் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். குட்டைக்கால்கள் அடுப்படிப் பக்கம் இருக்கும்படி நடுவீட்டில் இறக்கினார். கன்று நின்றது. சாமிப்படம் மாட்டிய சுவர்வரை நேராக நடந்தது. திரும்பினால் கால் மாறிவிடும் என்பதால் பின்பக்கமாகவே நடந்து வந்தது. தாய்ப்பசு படியேறி உள்ளே வந்து மடியைக் கொடுத்தது.

அதற்குமேல் வீட்டில் இடமில்லை. ரங்கநாயகி கட்டிலுக்குக் கொடுத்த செங்கல்களை எடுத்து ஓரமாக வைத்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டாள்.

கொரங்காட்டில் மற்ற மூன்று பசுக்களும் தள்ளிப் படுத்து இடம் கொடுத்தன. ரங்கநாயகி பாயை விரித்து, தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்தாள். சொம்பு அசையாமல் நின்றது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து நிலத்தின் நான்கு மூலைக்கும் போய் எம்பிப் பார்த்தார். மட்டமான நிலத்திலிருந்து வேலிதான் தெரிந்தது. வீடு தெரியவில்லை.

வெளியே ஆறுச்சாமி படலை இழுத்துச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஊடு எப்படி இருக்குது?"

"கன்னு குடிச்சுட்டுப் படுத்திருக்குதுங்ண்ணா."

"படலை எப்ப அவுப்ப?"

"புல்லுத் தீரட்டுமுங்" என்று ஆறுச்சாமி முடிச்சை இறுக்கினார்.

நாச்சிமுத்து புல்லைப் பார்த்தார். அந்த வருடம் நல்ல மழை. இடுப்பளவு வந்திருந்தது.